எல்லை மாறிய அணிகள் – 6: அரை டிக்கெட்டில் ஒரு தேசம்

1965 நவம்பர். கம்போடியாவின் தலைநகர் நோம் பென். கட்டி முடித்து ஓராண்டே ஆகியிருந்த புத்தம் புது மைதானம். அங்கே இறங்கி நின்ற இரண்டு அணிகளுக்கும் அந்த ஊரோடு எந்த ஒட்டும் உறவும் கிடையாது. ஒன்று வட கொரியா, இன்னொன்று ஆஸ்திரேலியா. உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றில் ஆஸ்திரேலியா ஆடிய முதல் ஆட்டம் அதுதான். வட கொரியாவோடு தூதரக உறவு வைத்திருந்த நாடுகள் அப்போது குறைவு. ஆட்டத்துக்கு இடம் கிடைக்காமல் அலைந்தபோது, நாங்கள் நடத்துகிறோம் என்று கதவைத் திறந்தவர் கம்போடியாவின் தலைவர் சிஹானூக். வந்த விருந்தாளிகளில் யாருக்கும் மனக்குறை வரக் கூடாது என்று, கூட்டத்தில் பாதிப் பேர் இந்த அணிக்கும் மீதிப் பேர் அந்த அணிக்கும் கைதட்ட வேண்டும் என அவர் ஏற்பாடு செய்ததாகச் சொல்வார்கள்.

கைதட்டல் சமமாகக் கிடைத்திருக்கலாம். கோல்கள் அப்படிக் கிடைக்கவில்லை. முதல் ஆட்டத்தில் 6-1, மூன்று நாள் கழித்து 3-1. இரண்டிலும் வட கொரியாவுக்கே வெற்றி. அந்த அணிதான் அடுத்த ஆண்டு இங்கிலாந்துக்குப் போய் இத்தாலியைத் தோற்கடித்து உலகத்தை வாய் பிளக்க வைத்தது. ஆஸ்திரேலிய வீரர்கள் பகலில் வேலை, மாலையில் பந்து என்று வாழ்ந்தவர்கள். ஊர் திரும்பி அவரவர் வேலையைப் பார்க்கப் போனார்கள்.

நோம் பென் ஆட்டத்தை இங்கே முதலில் வைக்கக் காரணம் இருக்கிறது. ஆப்பிரிக்கா, ஆசியா, ஓசியானியா மூன்றுக்கும் சேர்த்து அந்த உலகக் கோப்பையில் ஒதுக்கப்பட்டது ஒரே ஓர் இடம். அந்த அநீதியைக் கண்டித்து ஆப்பிரிக்க நாடுகள் மொத்தமாக விலகின. நிறவெறி அரசின் தென் ஆப்பிரிக்கா இடைநீக்கம் செய்யப்பட்டது. தென் கொரியாவும் ஒதுங்கியது. மிச்சம் நின்றவர்கள் இந்த இருவர் மட்டுமே. ஆஸ்திரேலியா எந்தக் கண்டத்தின் அணி என்ற கேள்விக்கு அன்று யாரிடமும் பதில் இல்லை. பதில் கிடைக்க இன்னும் நாற்பது ஆண்டுகள் ஆயின.

சென்ற இதழில் இஸ்ரேலின் கதையைப் பார்த்தோம். 1974-ல் கோலாலம்பூரில் நடந்த வாக்கெடுப்பு ஒன்றில் ஆசியாவிலிருந்து வெளியேற்றப்பட்டு, ஊர் ஊராகச் சுற்றி, 1994-ல் ஐரோப்பாவில் முழு உறுப்பினரான அணி அது. ஆஸ்திரேலியாவின் கதை நேர் எதிரானது. இஸ்ரேலை வீட்டை விட்டு அனுப்பினார்கள். ஆஸ்திரேலியாவை வீட்டுக்குள்ளேயே விடவில்லை.

ஆசியக் கால்பந்துக் கூட்டமைப்பு 1954-ல் மணிலாவில் பிறந்தது. ஆஸ்திரேலியா அதில் இல்லை. இரண்டு ஆண்டு கழித்து மெல்பர்ன் ஒலிம்பிக்ஸ். சொந்த மண்ணில் ஆடிய ஆஸ்திரேலியாவை 4-2 என்று தோற்கடித்தது இந்தியா. நெவில் டிசூசா மூன்று கோல் அடித்தார். ஒலிம்பிக் கால்பந்தில் ஓர் ஆசியர் அடித்த முதல் ஹாட்ரிக் அது. ரஹீம் சாகிப் பயிற்றுவித்த அந்த அணி அரையிறுதி வரை போனது. ஆசியா எவ்வளவு உயரத்தில் இருந்தது, ஆஸ்திரேலியா எங்கே இருந்தது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டாம்.

அடுத்து வந்தது தண்டனைக் காலம். ஐரோப்பிய கிளப்புகளுக்குக் கொடுக்க வேண்டிய பணத்தைக் கொடுக்காமல் வீரர்களை இழுத்துக்கொண்டார்கள் என்று ஆஸ்திரேலியாவை 1960 முதல் 1963 வரை ஃபிஃபா ஒதுக்கி வைத்தது. ஆசியாவில் சேர அதே 1960-ல் கொடுத்த விண்ணப்பமும் திரும்பி வந்தது. ஆசியர்கள் குடியேறக் கூடாது என்று சட்டம் வைத்திருந்த நாடு, ஆசியாவின் பந்தியில் இலை போடச் சொல்லிக் கேட்ட காலம் அது. 'வெள்ளை ஆஸ்திரேலியா' கொள்கை முற்றிலும் கைவிடப்பட்டது 1973-ல்தான். இந்தப் பின்னணியை மறந்துவிட்டு ஆசியாவின் தயக்கத்தை மட்டும் குறை சொல்வது நியாயமாகாது.

கதவு திறக்காததால் தானே ஒரு குடிசை போட்டுக்கொண்டது ஆஸ்திரேலியா. 1966-ல் நியூசிலாந்து, ஃபிஜி, பப்புவா நியூ கினி ஆகியவற்றோடு சேர்ந்து ஓசியானியக் கால்பந்துக் கூட்டமைப்பை உருவாக்கியது. குடிசைக்குள் போன பிறகும் கண் மட்டும் ஆசியா பக்கமே இருந்தது. 1967-ல் போர் நடந்துகொண்டிருந்த சைகோனுக்கே போய் ஒரு போட்டியில் ஆடிக் கோப்பையோடு வந்தது அணி. 1972-ல் ஓசியானியாவை விட்டு விலகி மறுபடி ஆசியாவின் கதவைத் தட்டினார்கள். திறக்கவில்லை. 1978-ல் பழைய குடிசைக்கே திரும்பினார்கள்.

நடுவில் ஒரு வெளிச்சம் உண்டு. 1974 உலகக் கோப்பைக்கான தகுதிச் சுற்றின் கடைசிக் கட்டத்தில் தென் கொரியா எதிரே வந்தது. சிட்னியில் 0-0. சியோலில் 2-2. மூன்றாவது ஆட்டம் பொது இடமான ஹாங்காங்கில், 1973 நவம்பர் 13 அன்று. தூரத்திலிருந்து ஜிம்மி மெக்கே ஓங்கி அடித்த பந்து வலைக்குள் போனது. 1-0. முதல் முறையாக ஆஸ்திரேலியா உலகக் கோப்பைக்குத் தகுதி பெற்றது. மேற்கு ஜெர்மனிக்குப் போன அந்த அணியின் தடுப்பாட்டக்காரர் மான்ஃபிரெட் ஷேஃபர், ஊரில் வீடு வீடாகப் பால் போட்டுக்கொண்டிருந்தவர். பிறந்தது ஜெர்மனியில். பிறந்த மண்ணுக்கே போய் கெர்ட் முல்லரைத் தடுக்கும் பொறுப்பு அவர் தலையில் விழுந்தது. கிழக்கு ஜெர்மனியிடம் 0-2, மேற்கு ஜெர்மனியிடம் 0-3, சிலியோடு 0-0. ஒரு கோல்கூட அடிக்காமல் திரும்பினாலும், ஒரு புள்ளியோடு வந்தார்கள். அடுத்து உலகக் கோப்பையில் கால் வைக்க 32 ஆண்டுகள் ஆகும் என்று அன்றைக்கு யாரும் நினைத்திருக்க மாட்டார்கள்.

ஏன் இத்தனை ஆண்டுகள்? 1986 உலகக் கோப்பையிலிருந்து ஓசியானியாவுக்குக் கொடுக்கப்பட்டது முழு இடம் அல்ல, அரை இடம். பேருந்தில் சின்னப் பிள்ளைக்கு அரை டிக்கெட் எடுப்போமே, அதுபோல. ஓசியானியாவில் முதலிடம் பிடித்தால் நேரே உலகக் கோப்பைக்குப் போக முடியாது. வேறு ஒரு கண்டத்தில் கடைசி நேரத்தில் தடுக்கி விழுந்த அணியோடு இரண்டு ஆட்டம் ஆட வேண்டும். அதில் வென்றால்தான் மிச்ச அரை டிக்கெட் கிடைக்கும். எதிரே வருபவர்கள் ஐரோப்பாவிலும் தென் அமெரிக்காவிலும் மாதக்கணக்கில் கடும் ஆட்டங்கள் ஆடி உரமேறியவர்கள். ஆஸ்திரேலியாவோ அதே காலத்தில் தீவுகளோடு ஆடிப் பெரிய எண்ணிக்கையில் கோல் போட்டுக்கொண்டிருக்கும். பயிற்சிக்கும் பரீட்சைக்கும் சம்பந்தமே இருக்காது.

1985-ல் ஸ்காட்லாந்து. மேலாளர் ஜாக் ஸ்டீன் இரண்டு மாதங்களுக்கு முன்தான் ஆட்டம் முடியும் தறுவாயில் சரிந்து உயிரிழந்திருந்தார். அணியைத் தற்காலிகமாகக் கையில் எடுத்திருந்தவர் அலெக்ஸ் ஃபெர்குசன். கிளாஸ்கோவில் 0-2, மெல்பர்னில் 0-0. கதை முடிந்தது. 1989-ல் பிளே-ஆஃபுக்கே போக முடியவில்லை. ஓசியானியாவில் அப்போது ஒண்டியிருந்த இஸ்ரேல் முந்திக்கொண்டது. 1993-ல் அர்ஜென்டினா. கொலம்பியாவிடம் உள்ளூரில் அடி வாங்கித் தடுமாறியிருந்த அந்த அணி, மரடோனாவைத் திரும்ப அழைத்துக்கொண்டு சிட்னிக்கு வந்தது. 1-1. புவனோஸ் ஐரஸில் பாடிஸ்டூடா அடித்த பந்து ஆஸ்திரேலியாவின் அலெக்ஸ் டோபினின் காலில் பட்டுத் திசை மாறி வலைக்குள் இறங்கியது. அந்த ஒரு கோல் போதுமாக இருந்தது.

1997 நவம்பர் 29-ஐ மட்டும் இப்படி ஒரு வரியில் தாண்டிப் போக எனக்கு மனம் வரவில்லை.

அந்த முறை எதிரே வந்தது ஆசியாவின் ஈரான். டெஹ்ரானின் ஆசாதி மைதானத்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் முன்னால் 1-1 என்று சமாளித்துவிட்டு வந்திருந்தார்கள். கோல் அடித்தவர் 19 வயது ஹாரி கியூவல். மெல்பர்ன் கிரிக்கெட் மைதானத்தில் 85 ஆயிரத்துக்கும் மேலான கூட்டம். பயிற்சியாளர் இங்கிலாந்தின் டெர்ரி வெனபிள்ஸ். முதல் பாதியில் கியூவல் ஒரு கோல், இடைவேளை முடிந்த கையோடு ஆரெலியோ விட்மர் இன்னொன்று. 2-0. ஈரான் கிட்டத்தட்ட அடங்கிவிட்டது. அடுத்த கோல் எப்போது என்பதுதான் பேச்சு.

அப்போது பார்வையாளர் ஒருவர் மைதானத்துக்குள் ஓடி, ஈரானின் கோல் வலையைப் பிய்த்துவிட்டார். வலையைக் கட்டி முடிக்கும்வரை ஆட்டம் நின்றது. ஆஸ்திரேலிய வீரர்களின் உடம்பு குளிர்ந்தது. மூச்சு வாங்க இடமில்லாமல் தவித்துக்கொண்டிருந்த ஈரானுக்கு மூச்சு கிடைத்தது. ஆட்டம் மீண்டும் தொடங்கியதும் கரீம் பாகெரி ஒரு கோல் போட்டார். சில நிமிடங்களில் அலி தாயி நடுவில் தள்ளிவிட்ட பந்தோடு கோதாதத் அஸீஸி தனியாக ஓடினார். 2-2. மொத்தக் கணக்கு 3-3. வெளியூரில் அடித்த கோல் அதிகம் என்ற விதிப்படி உலகக் கோப்பைக்காக ஈரான் பிரான்ஸுக்குப் போனது. அந்தத் தகுதிச் சுற்று முழுக்க ஓர் ஆட்டத்தில்கூட ஆஸ்திரேலியா தோற்கவில்லை. தோற்காமலே வெளியேறியது.

தொலைக்காட்சி அரங்கில் விமர்சகராக உட்கார்ந்திருந்த ஜானி வாரன் அழுதுவிட்டார். நோம் பென் ஆட்டக் காலத்திலிருந்து தேசிய அணியோடு வாழ்ந்தவர், சைகோனுக்குப் போன அணியின் தலைவர், 1974 உலகக் கோப்பையில் ஆடியவர். ஆஸ்திரேலியாவில் 'ஃபுட்பால்' என்றால் வேறு ஆட்டம். இந்த ஆட்டத்தை 'சாக்கர்' என்பார்கள். கிரேக்கர், இத்தாலியர், குரோஷியர் என்று கப்பலில் வந்திறங்கியவர்களின் விளையாட்டு என்று ஓரமாக வைத்திருந்தார்கள். ஒரு நாள் இந்த நாடு இந்த ஆட்டத்தை ஏற்றுக்கொள்ளும் என்று வாழ்நாளெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தவர் வாரன். அந்த இரவில் அவர் குரல் உடைந்ததைப் பார்த்தவர்கள் இன்றும் மறக்கவில்லை.

கதையின் மறுமுனைக்கு வருவோம். 2001 ஏப்ரல், ஆஸ்திரேலியாவின் கிழக்குக் கரையில் காஃப்ஸ் ஹார்பர் என்ற சிறு ஊர். ஓசியானியாவின் தகுதிச் சுற்று அங்கே நடந்தது. ஏப்ரல் 9 அன்று டோங்காவை 22-0 என்று ஆஸ்திரேலியா தோற்கடித்தது. உலகச் சாதனை. அந்தச் சாதனைக்கு ஆயுள் இரண்டே நாள்தான். ஏப்ரல் 11 அன்று எதிரே வந்தது அமெரிக்கன் சமோவா.

60 ஆயிரம் பேர்கூட இல்லாத தீவு அது. ஃபிஃபாவில் சேர்ந்து மூன்றே ஆண்டு. பாஸ்போர்ட் சிக்கலில், முதலில் தேர்ந்தெடுத்த 20 பேரில் கோல்கீப்பர் நிக்கி சலாபு ஒருவரைத் தவிர மற்ற எல்லோரும் ஆடத் தகுதியில்லை என்று ஆகிவிட்டது. இருபது வயதுக்குட்பட்டவர்களின் அணியைக் கூப்பிடலாம் என்றால், அவர்களில் பெரும்பாலோருக்குப் பள்ளித் தேர்வு. அகப்பட்ட பையன்களைத் திரட்டிக்கொண்டு வந்தார்கள். சராசரி வயது 18. பதினைந்து வயதுச் சிறுவர்களும் இருந்தார்கள்.

முதல் பத்து நிமிடம் வலை அசையவில்லை. பிறகு ஒரு கார்னர் பந்து நேராக உள்ளே போனது. அதன் பின் அணை உடைந்தது. இடைவேளையில் 16-0. ஆர்ச்சி தாம்சன் 13 கோல், டேவிட் ஸ்ட்ரிலிச் 8 கோல். உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றில் ஒரே ஆட்டத்தில் ஒருவர் 7 கோல் என்பதுதான் அதுவரை சாதனை. அதை வைத்திருந்தவர்களில் ஒருவர், மெல்பர்னில் ஆஸ்திரேலியாவின் நெஞ்சில் கத்தி வைத்த அதே கரீம் பாகெரி. மாலத்தீவுக்கு எதிராக அவர் அடித்தது. அமெரிக்கன் சமோவா கோலை நோக்கி உதைத்தது ஒரே ஒரு முறை, ஆட்டம் முடியச் சில நிமிடங்கள் இருந்தபோது. கடைசி விசில் ஊதியபோது மைதானத்துப் பலகை 32-0 என்று காட்டியது. எண்ணிக்கொண்டிருந்தவர்களே எண்ணிக்கையை விட்டுவிட்டார்கள். சரிபார்த்து 31-0 என்று திருத்தினார்கள்.

இந்த ஆட்டத்தை வேடிக்கைச் செய்தியாகவே உலகம் படித்தது. எனக்கு அதில் சிரிக்க எதுவும் தெரியவில்லை. வலைக்குள்ளிருந்து 31 முறை பந்தைப் பொறுக்கி நடுவட்டத்துக்கு அனுப்பிய சலாபுவின் இடத்தில் நின்று பார்க்க வேண்டும். முதுகு காட்டி ஓடாமல், ஒவ்வொரு முறையும் மறுபடி கோட்டில் வந்து நின்றார். பாய்ந்து தடுத்தவையும் பல. அவர் இல்லையென்றால் எண்ணிக்கை இன்னும் ஏறியிருக்கும். சாதனை படைத்த தாம்சனே இப்படிப்பட்ட ஆட்டங்கள் தேவையா என்று கேட்டார். இரண்டு பக்கத்துக்கும் பயன் இல்லாத ஆட்டம் அது. சிறு தீவுகள் தங்களுக்குள் ஆடிவிட்டு வர முன்சுற்று வேண்டும் என்ற பேச்சு அதன் பிறகுதான் வலுத்தது.

தாழ்வான வேலிகளைத் தாண்டிய அந்தக் குதிரையை அதே ஆண்டு நவம்பரில் மதில் முன்னால் நிறுத்தினார்கள். தென் அமெரிக்காவின் ஐந்தாமிடம், உருகுவே. மெல்பர்னில் கெவின் மஸ்கட்டின் பெனால்ட்டியில் 1-0. மொன்டிவிடியோ விமான நிலையத்தில் இறங்கியபோதே வசவும் எச்சிலும் வரவேற்றன. ஆட்டத்தில் 0-3. மறுபடி நான்கு ஆண்டு.

2002 டிசம்பரில் ஒரு நல்ல செய்தி வந்தது. அடுத்த உலகக் கோப்பைக்கு ஓசியானியாவுக்கு முழு இடம் என்று ஃபிஃபா அறிவித்தது. நெடுநாள் அந்த மகிழ்ச்சி நிலைக்கவில்லை. 2003 ஜூனில் கொடுத்ததைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். மறுபடி அரை டிக்கெட். ஓசியானியாவில் இருந்துகொண்டு நியாயம் கேட்டுப் பயனில்லை என்ற முடிவுக்கு ஆஸ்திரேலியர்கள் வந்தது அப்போதுதான் என்று நான் நினைக்கிறேன்.

அதே 2003-ல், கடனிலும் சண்டையிலும் மூழ்கியிருந்த பழைய கால்பந்துச் சங்கத்தைக் கலைத்துவிட்டுப் புதிதாக ஒன்றைக் கட்டினார்கள். அரசு கேட்டுக்கொண்டபடி தலைமைக்கு வந்தவர் ஃபிராங்க் லோவி. செக்கோஸ்லோவாக்கியாவில் பிறந்து, தந்தையை ஆஷ்விட்ஸில் பறிகொடுத்து, இஸ்ரேல் வழியாக 1952-ல் ஆஸ்திரேலியா வந்து, வெஸ்ட்ஃபீல்டு வணிக வளாகங்களால் பெரும் செல்வரானவர். இருக்க ஓர் இடம் தேடி அலைவது என்ன என்று அவருக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

ஆசியாவும் பழைய ஆசியாவாக இல்லை. கூட்டமைப்பின் தலைவர் கத்தாரைச் சேர்ந்த முகமது பின் ஹம்மாம். ஆசியாவுக்கு நான்கரை இடங்கள் இருந்தன. வலுவான ஓர் அணி உள்ளே வந்தால் ஆட்டத்தின் தரமும், ஒளிபரப்பு உரிமையின் விலையும், ஃபிஃபாவில் இடம் கேட்கும் குரலும் உயரும் என்று அவர்கள் கணக்குப் போட்டார்கள். 2005 மார்ச் 23 அன்று ஆசியக் கூட்டமைப்பின் செயற்குழு ஒருமனதாக ஆஸ்திரேலியாவை அழைத்தது. 1960-ல் திருப்பி அனுப்பியவர்களே இப்போது தாம்பூலம் வைத்துக் கூப்பிட்டார்கள்.

இனி ஓசியானியா விட வேண்டுமே. ஏப்ரல் 17 அன்று அதுவும் ஒருமனதாகச் சம்மதித்தது. இந்தச் சம்மதத்தை நான் முக்கியமாகப் பார்க்கிறேன். பெரிய அண்ணன் போனால் பணமும் பலமும் போகும் என்று தெரியும். ஆனால் அண்ணன் இருக்கும்வரை தம்பிகள் யாருக்கும் முறை வராது என்பதும் தெரியும். ஜூன் இறுதியில் ஃபிஃபா முத்திரை குத்தியது. 2006 ஜனவரி 1 முதல் ஆஸ்திரேலியா ஆசிய அணி.

ஆனால் 2006 உலகக் கோப்பைக்கான பாதையை ஓசியானியாவின் அணியாகவே நடந்து முடிக்க வேண்டியிருந்தது. கடைசிப் பயணம். ஜூலையில் ஹாலந்தின் கூஸ் ஹிட்டிங்க் பயிற்சியாளராக வந்தார். செப்டம்பரில் சாலமன் தீவுகளை 7-0, 2-1 என்று வென்றார்கள். முந்தைய ஆண்டு அடிலெய்டில் ஆஸ்திரேலியாவை 2-2 என்று நிறுத்திய அணி சாலமன் தீவுகள். அவர்கள் ஆட்டத்தைப் பார்த்தவர்கள் தீவு அணிகளை அலட்சியமாகப் பேச மாட்டார்கள்.

எதிரே மறுபடி உருகுவே. இந்த முறை வழக்கமான பயணிகள் விமானம் வேண்டாம் என்று தனி விமானம் எடுத்தார்கள். உள்ளே தசைப்பிடிப்பு நீக்க மேஜைகள் போட்டிருந்தார்கள். நவம்பர் 12 அன்று மொன்டிவிடியோவில் டேரியோ ரோட்ரிகஸ் தலையால் முட்டிய கோலில் 0-1. நான்கே நாளில் உலகத்தின் மறுகோடியில் இரண்டாவது ஆட்டம்.

2005 நவம்பர் 16, சிட்னி. 82,698 பேர். அரை மணி நேரம் போன பிறகு ஹிட்டிங்க் ஒரு காரியம் செய்தார். மஞ்சள் அட்டை வாங்கியிருந்த தடுப்பாட்டக்காரர் டோனி போபோவிச்சை வெளியே எடுத்துவிட்டு, தாக்குதலுக்குக் கியூவலை அனுப்பினார். மெல்பர்னில் 19 வயதில் கோல் அடித்த அதே கியூவல். சில நிமிடத்தில் மார்க் விடுகா குதிகாலால் தட்டிவிட்ட பந்தைக் கியூவல் ஓங்கி உதைத்தார். சரியாகப் படவில்லை. தவறிப் புரண்ட பந்து மார்க் பிரெசியானோவின் காலடிக்குப் போனது. அவர் அடித்தது வலையின் கூரையில் மோதியது. 1-0. மொத்தம் 1-1. பிரெசியானோ கொண்டாட ஓடவில்லை. கைகளை விரித்துச் சிலை போல நின்றார். சுற்றிலும் அரங்கமே பைத்தியம் பிடித்துக் குதித்துக்கொண்டிருந்தது.

கூடுதல் நேரமும் கோலின்றிக் கழிந்தது. பெனால்ட்டி வந்தால் ஆறடி எட்டங்குல உயரமுள்ள மாற்றுக் கோல்கீப்பர் கலாச்சை இறக்கலாம் என்று ஹிட்டிங்க் யோசித்து வைத்திருந்தார். பிரெட் எமர்டனுக்குத் தசைப்பிடிப்பு வந்ததில் கடைசி மாற்று வாய்ப்பு செலவாகிவிட்டது. மார்க் ஷ்வார்ஸரே நின்றார். கியூவல் அடித்தார், கோல். மொன்டிவிடியோவின் நாயகன் ரோட்ரிகஸ் அடித்ததை ஷ்வார்ஸர் பாய்ந்து தடுத்தார். நீல், கோல். வரேலா, கோல். டோனி விட்மர், கோல். எஸ்டோயானோஃப், கோல். அணித்தலைவர் விடுகா அடித்தது கம்பத்துக்கு வெளியே போனது. எண்பதாயிரம் பேருக்கும் பழைய பயம் தொண்டையை அடைத்திருக்கும். அடுத்து வந்த சலயேட்டா அடித்ததை ஷ்வார்ஸர் இடக்கையால் தட்டிவிட்டார். ஜான் அலோய்சி பந்தை எடுத்துக்கொண்டு நடந்து வந்தார். இடது காலால் அடித்தார். பந்து வலைக்குள் போனதும் சட்டையைக் கழற்றிச் சுழற்றிக்கொண்டு மைதானத்தின் நீளத்துக்கும் ஓடினார்.

ஜானி வாரன் அதைப் பார்க்கவில்லை. புற்றுநோயில் ஓராண்டுக்கு முன், 2004 நவம்பரில் போய்விட்டார். நான்தான் அப்போதே சொன்னேனே என்று ஒரு நாள் சொல்லப் போகிறேன் என்பது அவர் விட்டுச் சென்ற வாக்கு. அன்றிரவு அந்த வாசகத்தை அட்டைகளில் எழுதிக்கொண்டு மைதானத்துக்கு வந்திருந்தவர்கள் உண்டு.

2006 ஜூன் 12, ஜெர்மனியின் கைசர்ஸ்லாட்டர்ன். ஓசியானியாவின் வழியில் வந்து, ஆசிய உறுப்பினராகக் களம் இறங்கிய ஆஸ்திரேலியா, ஆசியச் சாம்பியன் ஜப்பானை எதிர்கொண்டது. 84-வது நிமிடம் வரை 0-1. பிறகு டிம் கேஹில் இரண்டு, அலோய்சி ஒன்று. எட்டு நிமிடத்தில் 3-1. உலகக் கோப்பையில் ஆஸ்திரேலியாவின் முதல் கோல்கள் அவை. இரண்டாம் சுற்றில் இத்தாலியின் டோட்டி கடைசி நொடியில் அடித்த பெனால்ட்டியில்தான் வெளியேறினார்கள்.

புது வீடு முதலில் மிரட்டியது. பஹ்ரைனில் 3-1 வெற்றியோடு ஆசியக் கணக்கு தொடங்கினாலும், 2007 ஆசியக் கோப்பையில் பாங்காக்கின் புழுக்கத்தில் ஓமனோடு 1-1, ஈராக்கிடம் 1-3. அந்த ஈராக்தான் கோப்பையைத் தூக்கியது. ஆசியா எளிது என்று நினைத்து வந்தவர்கள் நனைந்த சட்டையோடு பாடம் படித்தார்கள். 2011-ல் தோஹாவில் முதல் ஆட்டம் இந்தியாவோடு, 4-0. மெல்பர்னின் 4-2 நடந்து 55 ஆண்டுகளில் தராசு எப்படிச் சாய்ந்துவிட்டது என்று நம்மவர்கள் பெருமூச்சு விட்ட இரவு. அந்தத் தொடரின் இறுதியில் ஜப்பானிடம் தோற்றார்கள். 2015-ல் சிட்னியில் தென் கொரியாவைக் கூடுதல் நேரத்தில் 2-1 என்று வென்று ஆசியச் சாம்பியன் ஆனார்கள். மேற்கு ஆசியாவில் சிலர் அப்போது முணுமுணுத்தார்கள். வந்தவர்களை அனுப்பிவிடலாம் என்ற பேச்சுகூட எழுந்து அடங்கியது. 2006-லிருந்து 2022 வரை ஓர் உலகக் கோப்பையும் தவறவில்லை. 2022-க்குப் பழையபடி தென் அமெரிக்காவின் ஐந்தாமிடமான பெருவோடு தோஹாவில் மோதி, பெனால்ட்டியில்தான் தப்பினார்கள்.

விட்டுவந்த வீட்டில் என்ன நடந்தது? 2009 நவம்பர் 14 அன்று வெலிங்டனில் பஹ்ரைனை 1-0 என்று வென்று நியூசிலாந்து உலகக் கோப்பைக்குப் போனது. தென் ஆப்பிரிக்காவில் ஆடிய மூன்று ஆட்டத்திலும் டிரா. 2012-ல் ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் அல்லாத ஓர் அணி முதல் முறையாக ஓசியானியக் கோப்பையை வென்றது. அது தாஹிட்டி. மறு ஆண்டு மரக்கானாவில் உலகச் சாம்பியன் ஸ்பெயினிடம் 0-10 என்று தோற்றபோது, பிரேசில்காரர்கள் அந்தத் தீவுக்காரர்களுக்காகத் தொண்டை வறளக் கத்தினார்கள். ஓசியானியாவுக்கு முழு இடம் கிடைத்தது 2026 உலகக் கோப்பைக்குத்தான். அதைப் பெற்றதும் நியூசிலாந்துதான். ஆஸ்திரேலியா கேட்டுக் கேட்டுக் கிடைக்காதது, அது போய் இருபது ஆண்டு கழித்து அந்த வீட்டுக்கு வந்து சேர்ந்தது.

இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது. 2011 நவம்பர் 22, சமோவாவின் ஆப்பியா. சிறு தீவுகள் மட்டும் தங்களுக்குள் ஆடும் முன்சுற்று. டோங்காவும் அமெரிக்கன் சமோவாவும் மோதின. காஃப்ஸ் ஹார்பரில் இரண்டு நாள் இடைவெளியில் 22-ம் 31-ம் வாங்கிய அதே இரண்டு அணிகள். அதுவரை ஆடியவற்றில் ஃபிஃபா அங்கீகரித்த 30 சர்வதேச ஆட்டங்களிலும் அமெரிக்கன் சமோவா தோற்றிருந்தது. ஹாலந்தில் பிறந்த தாமஸ் ராங்கன் என்ற பயிற்சியாளர் சில வாரம் முன்புதான் வந்து சேர்ந்திருந்தார். இடைவேளைக்குச் சற்று முன் ராமின் ஆட் தூரத்திலிருந்து அடித்து 1-0. பிற்பாதியில் ஷாலோம் லுவானி, 2-0. கடைசி நிமிடங்களில் டோங்கா ஒரு கோல் திருப்பியது. பந்து மறுபடி மறுபடி அமெரிக்கன் சமோவாவின் கோலை நோக்கியே வந்துகொண்டிருந்தது. விசில் ஊதியது. 2-1.

கோல் கம்பங்களுக்கு நடுவே நின்றிருந்தவர் நிக்கி சலாபு.

(அடுத்த இதழில்: 2002-ல் ஆசியாவை விட்டு ஐரோப்பாவுக்குப் போன கஜகஸ்தான்)